நடிகர்களான நம் வீட்டுப் பிள்ளையும் நடிக்கப் போகிறதா? சம்பளத்தை முதலில் பிரித்து வையுங்கள்

அப்பா மேடை நடனக்காரர், அம்மாவும் மேடை நடிகை. அப்படி ஒரு வீட்டில் 1914இல் பிறந்த அமெரிக்கச் சிறுவன் ஜாக்கி கூகன் 1921இல் சாப்ளினோடு நடித்து உலகப் புகழ் பெற்றான். பதின்ம வயதுக்குள் அந்த மவுசு போய்விட்டது. பெரியவனானதும் தன் லட்சக்கணக்கான டாலர் சம்பளத்தைக் கேட்டு 1938இல் பெற்ற தாய் மேலேயே வழக்குப் போட்டான், கைக்கு வந்ததோ சுமார் 1,26,000 டாலர்தான். அடுத்த ஆண்டே கலிபோர்னியாவில் குழந்தை நடிகர்களின் சம்பளத்தைக் காக்கச் சட்டம் வந்தது.

நம் நாட்டிலும் 2017 முதல் விதி இருக்கிறது. பதினான்கு வயதுக்குக் கீழே என்றால் தயாரிப்பாளர் மாவட்ட ஆட்சியர் அனுமதி வாங்கியிருக்க வேண்டும், அதைக் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளையை அனுப்ப வேண்டும். சம்பளத்தில் 20 சதவீதமாவது தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் பிள்ளை பெயரில் வைப்புத்தொகையாக நேரடியாகப் போக வேண்டும். ரசீதில் இருப்பது பிள்ளை பெயரா, உங்கள் பெயரா என்று எழுத்துக்கூட்டிப் படியுங்கள். என்னைக் கேட்டால் 20 போதாது, வீட்டுச் செலவு போக மிச்சம் எல்லாமே அதில் போகட்டும்.

பிள்ளைக்கு வேலை நாளுக்கு ஐந்து மணி நேரம், ஓய்வில்லாமல் தொடர்ந்தால் மூன்று. அதற்கு மேல் கூடாது. நாமும் நடிகர்கள்தானே, "இன்னும் ஒரே ஒரு டேக்" என்று நம் வாயே சொல்லிவிடும். அப்போது பிள்ளை கண்ணைக் கசக்குகிறதா என்று பாருங்கள். கசக்கினால் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள். அப்புறம், "நாளைக்கும் வரணுமா?" என்று அது முனகினால் அதுவே பதில், விருப்பமில்லாத பிள்ளையை நடிக்க வைக்கவும் விதியில் இடமில்லை.