பேஸ் கிட்டாரில் ஸ்ருதி மாற்றும்போது

ஒரு பாட்டுக்கு மட்டும் டிராப் டி, அதாவது தடித்த கம்பியை மட்டும் டி சுரத்துக்கு இறக்கிய ஸ்ருதி, வேண்டுமா? பயப்படாமல் மாற்றலாம். தடித்த ஈ கம்பியை (41.2 ஹெர்ட்ஸ்) டிக்கு (36.7) இறக்கினால் அதன் இழுவிசை சுமார் 20 சதவீதம் குறையும். மற்ற மூன்றும் அப்படியே இருப்பதால் கழுத்து பெரிதாக அசையாது.

டிக்குக் கொஞ்சம் கீழே வரை இறக்கிவிட்டு, அப்புறம் மேலே ஏற்றி நிறுத்துங்கள். கம்பியை முறுக்கும் டியூனிங் கீயின் பல்சக்கரத்தில் இருக்கும் தளர்வு அப்போதுதான் அடங்கும். நேராக இறக்கி நிறுத்தினால் நாலு தடவை தட்டியதுமே ஸ்ருதி நழுவும். நான் பல நாள் கம்பியைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

நாலு கம்பியையும் ஒரு முழு சுரம் இறக்கி அப்படியே வைத்துக்கொள்வதென்றால் கதை வேறு. இழுவை குறைந்து கழுத்து பின்னால் வளையும். கம்பி, கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃபிரெட்டில் உரசி ஜிர்ரென்று இரையும். கழுத்தின் வளைவைச் சரிசெய்ய அதற்குள் இருக்கும் உலோகத் தண்டான டிரஸ் ராடைத் தளர்த்த வேண்டிவரும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம்; திருப்பியபின் மறுபடி ஸ்ருதி சேர்த்துப் பாருங்கள். அதைத் திருப்பும் சாவி இறுகி நின்றால் பலம் காட்டாதீர்கள், கடைக்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.

அடிக்கடி இறக்குபவர்களுக்குத் தடிமனான கம்பி செட்தான் சரி.