பல்ஜ், புரொட்ரூட்: குழப்பாமல் சொல்லிக்கொடுக்க

காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவில்தான் சாயங்காலம் இங்கிலீஷ் டியூஷன். பல்ஜுக்கும் (bulge) புரொட்ரூடுக்கும் (protrude) பிள்ளைகள் ஒரே அர்த்தம் எழுதினால், வேர்ச்சொல்லிலிருந்து தொடங்குங்கள்.

லத்தீனில் 'புல்கா' என்றால் தோல் பை. அதிலிருந்து வந்தது பல்ஜ். பள்ளிக்கூடப் பையில் டிபன் பாக்ஸைத் திணித்துக் காட்டுங்கள். பை கிழியாது, பக்கவாட்டில் உப்பும். அதுதான் பல்ஜ். அதே 'புல்கா' பிரெஞ்சில் சின்னப் பையாகி, கடைசியில் நிதியமைச்சர் கையில் பட்ஜெட்டாக வந்து நிற்கிறது. வரவு செலவுப் பேச்சிலேயே வளர்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இதை மறக்கவே மாட்டார்கள்.

அப்புறம் புரொட்ரூட். 'ப்ரோ' முன்னால், 'ட்ரூதெரே' தள்ளுவது. தூணுக்கு மேலே இருக்கும் போதிகையை அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். மரம் உப்பவில்லை, வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே தள்ளினால் இன்ட்ரூட்.

இந்த இரண்டோடு சேர்த்துச் சொல்லவேண்டிய சொற்களும் உண்டு. ட்யூமர், வீங்குவதைச் சொல்லும் 'ட்யூமேரே'யிலிருந்து வந்தது. கூச்சல் குழப்பத்தைக் குறிக்கும் ட்யூமல்ட் அதற்குத் தம்பி.

கிழங்கைச் சொல்லும் ட்யூபர், லத்தீனில் புடைப்பு. புடைத்து நிற்பதைச் சொல்லும் புரொட்யூபரன்ஸ் (protuberance) பிறந்தது அங்கே. புரொட்ரூடுக்கு உறவே இல்லை. அதனால் புரொட்யூபரன்ஸ் எழுதும்போது 'டி'க்குப் பின்னால் 'ஆர்' போடவிடாதீர்கள்.