பழைய காரின் தரைத்தகட்டை மாற்றும்போது செய்யக் கூடாதவை

உவரி, கூடங்குளம் பக்கத்து உப்புக்காற்றில் பல வருடம் நின்ற அம்பாசடரையோ, ஐப்பசி கார்த்திகை மழையில் கொட்டகையின்றி நனைந்த பத்மினி காரையோ வாங்கி மீட்டெடுக்க நினைப்பவர், முதலில் உள்விரிப்பைத் தூக்கித் தரையைத்தான் பார்க்க வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கி எழுந்த வண்டியானால் கதவுப்படியின் உட்கூட்டில் வண்டல் தங்கியிருக்கும் என்றே கொள்ளுங்கள். திருப்புளியின் நுனியால் அங்குலம் அங்குலமாகக் குத்திக்கொண்டே போனால், நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். கெட்ட இடத்தில் நுனி சத்தமின்றி உள்ளே இறங்கி, பழுப்புத் தூள் உதிரும்.

துரு தெரிந்தவுடன் கிரைண்டரைக் கையில் எடுப்பதே எல்லாவற்றிலும் பெரிய தவறு. அம்பாசடருக்கும் பத்மினிக்கும் தனிச் சேசிஸ், அதாவது பாடியைத் தாங்கும் தனி அடிச்சட்டம், கிடையாது. தரை, கதவுப்படி, தூண்கள், கூரை ஆகிய அனைத்தும் சேர்ந்துதான் வண்டியின் பாரத்தைத் தாங்குகின்றன. பாளையங்கோட்டையில் ஒரு டிங்கரிங் பட்டறையில், இருபக்கத் தரையையும் கதவுப்படியோடு ஒரே நாளில் வெட்டி எடுத்துவிட்ட பத்மினி ஒன்றைப் பார்த்தேன். நடுப்பகுதி தொய்ந்து, முன்கதவின் மேல் இடைவெளியில் அட்டை கூட நுழையாதபடி நெருங்கிவிட்டது. அந்த நிலையிலேயே புதுத் தகட்டைப் பற்றவைத்திருந்ததால், கோணல் நிரந்தரமாகிவிட்டது. அந்தக் கதவை எவ்வளவு தட்டினாலும் நேராக்க முடியாது என்பதை அதன் உரிமையாளரிடம் சொல்லும்போது எனக்கே வேதனையாக இருந்தது. ஆகவே, வெட்டுவதற்கு முன் கதவு வாசலின் குறுக்கே சதுரக் குழாய்களை வெல்டு செய்து, மூலைவிட்ட அளவுகளைச் சுண்ணக்கட்டியால் தூணிலேயே எழுதிவைத்து, ஒரு பக்கத்தை முழுதும் முடித்த பின்னரே மறுபக்கத்தைத் தொட வேண்டும். நடுவில் ஜாக்கி கொடுத்துத் தூக்கினால் தொய்வு எதிர்த்திசையில் வரும். சஸ்பென்ஷன் பிடிக்கும் இடங்களில்தான் தாங்கல் வைக்க வேண்டும். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்குத் தனிச் சேசிஸ் உண்டு என்றாலும், பாடியைக் கழற்றித் தூக்கினால் அதற்கும் இதே குழாய் வேண்டும்.

துருவின் மேல் தகரத்தை ஒட்டுப்போட்டுத் தார் பூசி மறைப்பதை மீட்டெடுப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு தகடுகளுக்கு நடுவே தேங்கும் ஈரம், பழைய துருவோடு புதிய தகட்டையும் தின்னும். பளபளக்கும் உலோகம் வரும்வரை வெட்டியாக வேண்டும். சீட் போல்ட் துளைகளின் இடத்தை அதற்கு முன்பே அட்டையில் வரைந்துகொள்ளுங்கள்.

புதுத் தகட்டை வெறும் தட்டையாக வைப்பதும் தவறு. பழைய தரையில் உள்ள மேடுபள்ள வரிகள் அழகுக்காக இடப்பட்டவை அல்ல, விறைப்புக்காக இடப்பட்டவை. அவை இல்லாவிட்டால் ஓடும்போது தரை பறைபோல் அதிரும். 18 முதல் 20 கேஜ் வரையிலான தடிமன் கொண்ட மெல்லிய தகட்டுக்கு ஆர்க் வெல்டிங் பெரும்பாலும் ஓட்டை போட்டுவிடும். கரியமில வாயுவின் காப்பில் மெல்லிய கம்பியை உருக்கி ஒட்டும் சிஓ2 வெல்டிங்கே ஏற்றது. ஒரே இழுப்பில் நீளமாக ஓட்டினால் சூட்டில் தகடு நெளியும் என்பதால், எதிரெதிர் முனைகளில் சிறு புள்ளிகளாக வைத்து, ஆறவிட்டு, இடைவெளியை மெல்ல நிரப்ப வேண்டும். கால்வனைஸ் தகடாக இருந்தால் வெல்டு விழும் ஓரத்தில் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட வேண்டும், அதன் புகை காய்ச்சலையே வரவழைக்கும். பெட்ரோல் குழாய், பிரேக் குழாய், பேட்டரி மூன்றையும் அகற்றாமல் பொறி தெறிக்க விடாதீர்கள்.

இறுதியாக, தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று தேடாமல் விரிப்பைப் போடுவது உழைப்பையெல்லாம் வீணாக்கும். முன்கண்ணாடியின் வெடித்த ரப்பர் பீடிங்கும், கதவின் அடியில் அடைபட்ட வடிகால் துளையுமே பெரும்பாலும் காரணம். இணைப்புகளுக்குப் பிரைமரும் சீலரும் பூசிக் காய்ந்த பின், விரிப்பின்றி வண்டியை நிறுத்தி, கண்ணாடியின் மேல் கால்மணி நேரம் ஹோஸில் தண்ணீர் விட்டு, உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள்; ஒரு சொட்டு தெரிந்தாலும் விரிப்பு காத்திருக்கட்டும்.