பி.பி. பார்க்கும்போது சத்தமே கேட்கவில்லையா? என் அனுபவம்

பி.எஸ்சி. நர்சிங் முதல் செமஸ்டரில் என்னுடைய பத்து நாட்களைத் தின்றது ஒரு ஸ்டெதஸ்கோப். பி.பி. பட்டையில் காற்றை இறக்கும்போது வகுப்பில் எல்லோருக்கும் 'டக் டக்' கேட்கிறது, எனக்கு மட்டும் ஒன்றுமில்லை. கேட்ட மாதிரி தலையாட்டி 120/80 என்று எழுதிவிடுவேன். (தப்புதான்.)

காதில் அழுக்கோ என்று டாக்டரிடம் காட்டினேன், காது சுத்தம். அளவுமானியில் நொடிக்கு 2, 3 மி.மீ. இறங்கும்படி மெதுவாகக் காற்றை இறக்கினேன். அதுவும் பலிக்கவில்லை. லீவுக்குச் சோமனூர் போய் அப்பிச்சி (அம்மாவின் அப்பா) கையில் பார்த்தபோது, பக்கத்து வீட்டு விசைத்தறி மேல் பழியைப் போட்டேன். கரண்ட் போய்த் தறி நின்றது. அப்போதும் கேட்கவில்லை. "ஏங்கண்ணு, எனக்கு உசுரு இருக்குதா இல்லியா?" என்றார்.

கடைசியில் வெட்கத்தை விட்டு சீனியர் அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். ஸ்டெதஸ்கோப் தலையின் வட்டத் தகட்டை விரலால் தட்டச் சொன்னார். சத்தமே இல்லை! இருபக்கத் தலை உள்ள ஸ்டெதஸ்கோப்பில் ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் திறந்திருக்கும். தலையைத் திருகினால் 'க்ளிக்' என்று மாறும். என்னுடையதில் தகட்டுப் பக்கம் மூடியே இருந்திருக்கிறது. காதுமுனைகளையும் திருப்பி மாட்டியிருந்தேன். அவை மூக்கைப் பார்த்துச் சாய்ந்திருக்க வேண்டும், காதுக்குழாய் போகும் திசை அது. அப்புறம், தகடு முழங்கை மடிப்பின் நட்டநடுவில் அல்ல, சற்றே சுண்டுவிரல் பக்கம், நாடி துடிக்கும் இடத்தில் உட்கார வேண்டும்.

அடுத்த ஞாயிறு அப்பிச்சிக்கு 148/90. மாத்திரையை ஒரு வாரமாக விட்டிருக்கிறார்.