வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய்: உளவியலாளரிடம் எப்போது, எப்படிப் போவது

தென்னாப்பிரிக்காவில், டர்பனில் நம் வீடுகளில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தால் ஸ்கேனுக்கும் கீமோவுக்கும் ராத்திரி பகல் பார்க்காமல் ஓடுவோம், ஆனால் டாக்டர் "ஒரு சைக்காலஜிஸ்ட்டையும் பாருங்கள்" என்றால் மட்டும், "ஆயாவுக்குப் புத்தி தெளிவாகத்தானே இருக்கிறது" என்று கோபம் வந்துவிடும். புத்தி கெட்டவர்களுக்கு மட்டுமான இடம் இல்லை அது. தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், "எனக்கு ஏன் இது வந்தது" என்று சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கும், அவரைப் பார்த்துக்கொள்ளும் மகளுக்கோ மருமகளுக்கோ கணவருக்கோ கூட உதவுகிற இடம்.

எப்போது போக வேண்டும் என்பதற்கு உலகம் முழுக்கப் புற்றுநோய்ப் பிரிவுகளில் ஒரு கேள்வி கேட்கிறார்கள், அதை வீட்டிலேயே கேட்கலாம். "போன ஒரு வாரத்தில் மனசு எவ்வளவு கஷ்டப்பட்டது, 0 முதல் 10 வரை ஒரு எண் சொல்லுங்கள்." 4 அல்லது அதற்கு மேல் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள். அதே கேள்வியை உங்களையும் கேட்டுக்கொள்ளுங்கள், அதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

ஆல்பர்ட் லுதுலி போன்ற அரசு மருத்துவமனையில் சிகிச்சை என்றால் புற்றுநோய் டாக்டரிடமோ சோஷியல் வொர்க்கரிடமோ நேராகவே கேளுங்கள், அவர்களாகச் சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தனியாரிடம் போனால் அவர் எச்.பி.சி.எஸ்.ஏ.வில் (மருத்துவத் துறையினரைப் பதிவு செய்யும் தென்னாப்பிரிக்கக் கவுன்சில்) பதிவு செய்தவரா என்று பாருங்கள், உளவியலாளர்களின் பதிவு எண் பி.எஸ். என்று தொடங்கும். மருத்துவ உளவியலாளர் ஆக முதுகலைப் பட்டம், ஒரு வருடப் பயிற்சி, அப்புறம் ஒரு வருடச் சமூக சேவை எல்லாம் முடித்திருக்க வேண்டும். மாத்திரை எழுதித் தருவது அவர் வேலை இல்லை, அது தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார். மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) இருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: மனச்சோர்வு நோய் என்று உறுதியானால், மருத்துவமனையில் சேராமலே வருடத்துக்கு 15 அமர்வுகள் வரை சட்டப்படி மெடிக்கல் எய்ட் கொடுத்தாக வேண்டிய சலுகையில் வரும். பில்லில் நோய்க் குறியீடு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

உள்ளே போனால் என்ன நடக்கும்? வெறும் பேச்சு என்று நினைப்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். தலை, கழுத்துப் பகுதியில் ரேடியேஷன் என்றால் முகம் அசையாமலிருக்க ஒரு பிளாஸ்டிக் வலை முகமூடியை மாட்டி மேசையோடு சேர்த்துப் பூட்டுவார்கள். மூச்சு முட்டும் என்ற பயத்தில் சிகிச்சையையே வேண்டாம் என்று சொல்பவர்கள் உண்டு. உளவியலாளர் அந்த முகமூடியை முதலில் கையில் வைத்துப் பார்க்கச் சொல்லலாம், பிறகு கட்டாமல் சும்மா முகத்தில் வைத்துப் பழக்கலாம், கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டி, கூடவே மெதுவாக மூச்சு விடவும் கற்றுத் தருவார். கீமோவுக்குப் போகும் வழியில் ஆஸ்பத்திரி கேட்டைக் கண்டாலே வாந்தி வருகிறதே, அதற்கும் இதே மாதிரி பயிற்சிகள் இருக்கின்றன. அது நடிப்பில்லை, உடம்பு முந்தைய கீமோவை நினைவில் வைத்திருப்பதால் வருவது, தயவுசெய்து திட்டாதீர்கள்.

மொழி பெரிய விஷயம். நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம்தான் வாயில் வருகிறது, ஆயா தாத்தாவுக்கோ மனசில் இருப்பது தமிழில்தான் வெளியே வரும். பேத்தியை வைத்து மொழிபெயர்க்காதீர்கள். "நான் செத்துப் போய்விடுவேனோ" என்று பேத்தி வாயால் கேட்க வைக்க எந்த ஆயாவும் விரும்பமாட்டார், அதனால் கேட்காமலே இருந்துவிடுவார். குடும்பத்தைச் சேராத, தமிழ் நன்றாகப் பேசும் பெரியவர் ஒருவரை ஏற்பாடு செய்யலாமா என்று முன்கூட்டியே கேளுங்கள். முடிந்தவரை நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டமே சொல்கிறது.

அதே சட்டம், நோய் விவரத்தை நோயாளியிடம் சொல்ல வேண்டும் என்றும் சொல்கிறது, அவருக்கே கெடுதல் என்று உறுதியான ஆதாரம் இருந்தால் மட்டும் விலக்கு. ஆகவே "அம்மாவிடம் கேன்சர் என்று சொல்லாதீர்கள்" என்று உளவியலாளரிடம் கேட்டுக்கொள்வதைவிட, "எப்படிச் சொல்வது, எவ்வளவு சொல்வது" என்று கேளுங்கள். நோயாளிகளுக்குப் பெரும்பாலும் ஏதோ தெரிந்துதான் இருக்கும், எல்லோரும் ஒளிக்கிறார்கள் என்பதும் தெரியும், அந்தத் தனிமைதான் நோயைவிட மோசம் என்பது என் எண்ணம்.

சாமி விஷயத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். நேர்த்திக்கடன் செலுத்தாததால்தான் வந்தது என்ற குற்ற உணர்ச்சி, தைப்பூசத்துக்குக் காவடி எடுக்க முடியாத ஏக்கம், உடம்பு இளைத்துக்கொண்டிருக்கும்போது புரட்டாசி விரதத்தை விட மனசு வராமை, இவையெல்லாம் உளவியலாளர் கேட்க வேண்டியவை. நல்லவர் கேலி செய்யமாட்டார். கேலி செய்தால் வேறொருவரைப் பாருங்கள்.

கவனித்துக்கொள்பவருக்குத் தனி அமர்வு வேண்டும், நோயாளியோடு சேர்ந்து உட்காருவது போதாது. அவர் முன்னால் "எனக்குக் களைப்பாக இருக்கிறது, சில நேரம் எரிச்சலும் வருகிறது" என்று சொல்ல முடியுமா? போகும் முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள், கடைசியாக எப்போது உட்கார்ந்து சாப்பிட்டீர்கள், ராத்திரி யார் முழிக்கிறார்கள், அண்ணன் தம்பிகளில் யார் என்ன செய்கிறார்கள். அந்தத் தாளை வைத்து வேலையை எப்படிப் பிரிப்பது, யாரிடம் எப்படிக் கேட்பது என்று உளவியலாளரோடு உட்கார்ந்து திட்டம் போடலாம்.

நேரில் போக வழியில்லை என்றால் கேன்சா என்னும் புற்றுநோய்ச் சங்கத்தின் இலவச எண் 0800 22 66 22, அங்கே போனிலேயே ஆலோசனை கேட்கலாம். நோயாளியோ பார்த்துக்கொள்பவரோ "இருந்து என்ன பயன்" என்று சொல்ல ஆரம்பித்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை பொறுக்காதீர்கள், அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே சாடாக் என்னும் மனநல உதவி அமைப்பின் 0800 567 567க்குப் போன் செய்யுங்கள், வீட்டில் சேர்ந்திருக்கும் வலி மாத்திரைகளை எடுத்துப் பூட்டி வையுங்கள்.