நிறுவியது 2.1, படித்தது 2.2: பதிப்புவாரி ஆவணங்களில் நேரும் தவறுகள்

புதியவர் ஒருவர் பைத்தானின் நிறுவல் கருவியான பிப் வழியாக ஒரு மென்பொருளின் 2.1 பதிப்பை நிறுவுகிறார். ஆவணத்தில் உள்ளபடியே எழுதுகிறார், 'அப்படி ஒன்று இல்லை' என்னும் அட்ரிபியூட்எரர் பிழை வருகிறது. தட்டச்சில் பிழையில்லை. அவர் படித்த பக்கம் இன்னும் வெளிவராத 2.2-க்கு உரியது.

ஆவணங்களை இணையத்தில் வெளியிட்டுத் தரும் தளமான ரீட் த டாக்ஸில் இந்தக் குழப்பத்துக்குப் பெரும்பாலும் 'லேட்டஸ்ட்' என்ற சொல்தான் காரணம். கடைசியாக வெளியான பதிப்பு என்று நினைக்க வைக்கும். ஆனால் மேம்பாடு நடக்கும் முதன்மைக் கிளையில் சற்றுமுன் சேர்ந்த கமிட் (பதிவான மாற்றம்) வரை அதில் இருக்கும். வெளியானதைக் காட்டுவது 'ஸ்டேபிள்'. எண்ணில் உயர்ந்த டேகிலிருந்து, அதாவது வெளியீட்டுக்கு இட்ட அடையாளக் குறியிலிருந்து, உருவாவது. திட்டத்தின் அமைப்புகளில் இயல்பான பதிப்பாக ஸ்டேபிளை வையுங்கள். ரீட்மீ கோப்பில் உள்ள இணைப்பையும் மாற்றுங்கள். அதைத்தான் பலர் மறக்கிறார்கள்.

டேக் போட்ட மறுநாள் நிறுவல் பக்கத்தில் ஒரு தவறு தெரிகிறது. முதன்மைக் கிளையில் திருத்தினால் ஸ்டேபிளில் தெரியாது, டேக் நகராது. நகர்த்தவும் கூடாது: ஏற்கெனவே நகலெடுத்தவர்களிடம் பழைய டேகே தங்கிவிடும். 2.1.x என்று ஒரு கிளை பிரித்து, திருத்தத்தைச் செர்ரி-பிக் செய்யுங்கள், அதாவது அந்த ஒரு மாற்றத்தை மட்டும் அங்கே எடுத்துச் சேருங்கள். அங்கிருந்து 2.1.1 வெளியிட்டால் ஸ்டேபிள் தானே பின்தொடரும். பைத்தான் வலைக் கட்டமைப்பான ஜாங்கோவும் 5.2.x போன்ற கிளைகளை வைத்தே பழைய பதிப்புகளின் ஆவணங்களைத் திருத்துகிறது.

ஒவ்வொரு சிறு திருத்த வெளியீட்டுக்கும் தனி ஆவணம் வேண்டாம். தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் 17-க்கு ஒரே தொகுப்புதான்; 17.1, 17.2 எனப் பிரிப்பதில்லை. ஆவணத் தளங்களை உருவாக்கும் கருவியான டோகுசாரஸில் இது இன்னும் வலிக்கும். பதிப்பு ஒன்றை உருவாக்கினால் டாக்ஸ் கோப்புறை முழுவதும் நகலாகும். ஆறு பதிப்பு இருந்தால், ஓர் எழுத்துப்பிழையை ஆறு இடத்தில் திருத்த வேண்டும்.

"இப்போது இந்த வசதி உண்டு" என்று எழுதாதீர்கள். எப்போது? இன்னோர் ஆவணக் கருவியான ஸ்பிங்க்ஸில் வெர்ஷன்ஆடட் என்ற குறிப்போடு 2.1 என்று போட்டால் போதும். நடத்தை மாறினால் வெர்ஷன்சேஞ்ச்ட்.

ஆதரவு முடிந்த பதிப்பின் பக்கங்களை அழித்துவிடாதீர்கள். பழைய சர்வர்களில் அந்தப் பதிப்பு இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். அழித்தால், தேடலில் வருபவர் வெற்றுப் பக்கத்தில் நிற்பார். மேலே ஓர் எச்சரிக்கைப் பட்டை போட்டு, இன்றைய பதிப்பின் அதே பக்கத்துக்கு இணைப்புக் கொடுங்கள். முகப்புக்குத் தள்ளினால் அவர் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும்.