கோரல் தொட்டியில் இறால்: செம்பனை ஊரில் வளர்ப்பவர்களுக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி சுற்றிலும் செம்பனைத் தோட்டம் உள்ள ஊரில், கோரல் (பவளம்) வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியில் இறால் செத்தால், காரணத்தைத் தொட்டிக்குள் மட்டும் தேடாதீர்கள். கொசுப் புகை, மருந்து பட்ட கை, வெயிலில் வற்றும் தண்ணீர் ஆகிய மூன்றும் வெளியிலிருந்து வருபவை. அதனால் அவற்றைத்தான் இங்கே விரிவாகச் சொல்கிறோம்.

கணக்குக்கு 90×45×45 செ.மீ. தொட்டியை எடுத்துக்கொள்வோம். கல்லும் மணலும் போக ஏறத்தாழ 150 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். கல் வைத்து மூன்று மாதமாவது ஓடட்டும். அம்மோனியா, நைட்ரைட் பூஜ்யம், நைட்ரேட் 10 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 10 பங்கு), உப்பு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு), ஆல்கலினிட்டி என்ற கார அளவு 8 முதல் 9 டிகேஎச், கால்சியம் 420 பிபிஎம், மக்னீசியம் 1300 பிபிஎம் என்று நின்றால் கோரலுக்கும் சரி, இறாலுக்கும் சரி. வாரம் 15 லிட்டர் மாற்றுங்கள். ஆர்ஓ வடிகட்டியில் வந்த தண்ணீரில் கடல் உப்பைக் கலந்து, உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்த பிறகே ஊற்ற வேண்டும். கடற்கரையிலிருந்து டிரம்மில் தண்ணீர் கொண்டுவருவது மிச்சம்போலத் தெரியும். ஆனால் ஆற்றுமுகம் பக்கத்தில் இருந்தால் மழைக்கு மழை அதன் உப்பு மாறும், சேறும் கூடவே வரும்.

எந்த இறால்? முதுகில் வெள்ளைக் கோடு ஓடும் கிளீனர் இறால்தான் முதல்முறை வளர்ப்பவருக்கு ஏற்றது, இரண்டு விடலாம். பெப்பர்மின்ட் இறால் அய்ப்டேசியா என்ற களைப்பூவைத் தின்னும், ஆனால் பசித்தால் சில சமயம் சோவாந்தஸ் என்ற பூப்போன்ற உயிரையும் கொறிக்கும். கடையில் அதன் பெயரில் ஒட்டக இறாலைத் தந்துவிடுவார்கள், அங்கேதான் ஏமாறுவது. உடல் கூனி, கண் பெரிதாக, சிவப்புக்கு நடுவே வெள்ளைக் கோடும் புள்ளியும் பளிச்சென்று இருந்தால் அது ஒட்டக இறால். மென் கோரலையும் சோவாந்தஸையும் தின்றுவிடும். பெப்பர்மின்ட் கண்ணாடிபோல இருக்கும், மெல்லிய சிவப்புக் கோடு மட்டும் ஓடும். நீண்ட கிடுக்கிகள் கொண்ட ஸ்டெனோபஸ் இறால் சண்டைக்காரன், ஒன்று போதும். டிரிகர், ஹாக், லயன் மீன்கள் இருக்கும் தொட்டியில் இறால் என்பது விலை அதிகமான தீனி, அவ்வளவுதான்.

இப்போது வெப்பம். தண்ணீர் 25 முதல் 27 டிகிரி இருக்க வேண்டும். நம் வீட்டுக் கூடத்தில் பகலில் அது 30ஐத் தாண்டும். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் தண்ணீர்ப் பரப்பின்மேல் சின்ன விசிறி இரண்டு வைத்தால் 2, 3 டிகிரி இறங்கும், கூடவே நாளுக்கு மூன்று லிட்டர் வற்றினாலும் ஆச்சரியமில்லை. வற்றுவது தண்ணீர் மட்டும், உப்பு அப்படியே நிற்கும். மூன்று நாள் ஊருக்குப் போய் 9 லிட்டர் குறைந்தால் 35 பிபிடி 37ஐத் தாண்டிவிடும். திரும்பி வந்து அத்தனையையும் ஒரே மூச்சில் ஊற்றினால் இறால் அந்தத் தடாலடி மாற்றத்தைத் தாங்காது. நாள் முழுவதும் பிரித்து ஊற்றுங்கள். தானாக நிரப்பும் ஃப்ளோட் வால்வு வாங்குவது இறாலைவிட அவசரம். அதில் உப்பில்லாத ஆர்ஓ தண்ணீர்தான் போக வேண்டும்.

டிங்கிக் கொசுவுக்குப் புகை அடிக்க வரும்போது, நுரையோடு அழுக்கை எடுக்கும் ஸ்கிம்மரையும் ஏர் பம்பையும் முதலில் அணைத்துவிடுங்கள். அவைதான் அறைக் காற்றை உறிஞ்சித் தண்ணீரில் கலக்கின்றன. உள்ளே சுழலும் பம்ப் ஓடட்டும். ஜன்னலை மூடி, தொட்டியைப் பிளாஸ்டிக் விரிப்பால் மூடுங்கள். புகை அடங்கிய பின் ஜன்னல்களைத் திறந்து ஒரு மணி நேரம் காற்றோட விட்டு, அப்புறம் போடுங்கள். தொட்டிக்குக் கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டியான சம்பில் 150 கிராம் ஆக்டிவேடட் கார்பன் வைத்தால் இன்னும் நிம்மதி. கொசுப் புகையில் வரும் பைரித்ராய்டு வகை மருந்து பூச்சியைப்போலவே இறாலையும் கொல்லும். கோரல் தப்பினாலும் இறால் தப்பாது. அந்த அறையில் கொசுவர்த்தி, ஸ்ப்ரே இரண்டும் வேண்டாம். தோட்டத்தில் காண்டாமிருக வண்டுக்கு அடிக்கும் சைபர்மெத்ரினும் இதே இனம். வேலை முடிந்து வந்தவர் குளித்துச் சட்டை மாற்றாமல் தொட்டியில் கை விடக் கூடாது. மருந்து கலந்த வாளியை எத்தனை முறை கழுவினாலும் இதற்கு எடுக்காதீர்கள். வெள்ளைப் புள்ளி நோய்க்கான செம்பு மருந்தும் அப்படியே: மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி அங்கே ஊற்றுங்கள்.

வாங்கிவந்த இறாலை, பையிலுள்ள தண்ணீரில் அரை லிட்டரோடு வாளியில் விடுங்கள். ஏர் குழாயில் முடிச்சுப் போட்டு நொடிக்கு 2, 3 சொட்டாகத் தொட்டித் தண்ணீரை இறக்குங்கள். ஒன்றரை மணி நேரத்தில் வாளித் தண்ணீர் இரு மடங்கைத் தாண்டும். வலையில் மீசை சிக்கும், குவளையில் மொண்டு விடுங்கள். வாளித் தண்ணீர் தொட்டிக்குள் போக வேண்டாம்.

தீனி நேரத்தில்தான் கோரலுக்கும் இறாலுக்கும் தகராறு. யூஃபிலியா, அகான் போன்ற கோரல்களின் வாயில் வைத்த துண்டை, கிளீனர் இறால் மேலே ஏறிக் கால்விட்டுப் பிடுங்கும். தினமும் நடந்தால் கோரல் சுருங்கி, சதை கிழியும். அடியில் தங்கும் பெல்லட்டை முதலில் மறுமூலையில் போட்டு இறாலின் வயிற்றை நிரப்புங்கள். பத்து நிமிடம் கழித்துக் கோரலுக்கு ஊட்டி, அடிப்பாகம் வெட்டிய பாட்டிலை அதன்மேல் அரை மணி நேரம் கவிழ்த்து வையுங்கள். மூடி திறந்தே இருக்கட்டும்.

சில வாரத்துக்கு ஒருமுறை இறால் ஓட்டைக் கழற்றும். காலையில் கல்மேல் கிடக்கும் கூட்டைப் பார்த்துச் செத்துவிட்டது என்று பதறுவார்கள். தூக்கிப் பாருங்கள்: உள்ளே ஒன்றும் இருக்காது, வாடையும் வராது. புது ஓடு இறுகும்வரை ஒன்றிரண்டு நாள் பொந்துக்குள் ஒளிந்திருக்கும், கல்லைக் கிளறித் தேடாதீர்கள். இதற்கென்று அயோடின் ஊற்றச் சொல்வார்கள். வாரம் தண்ணீர் மாற்றினால் உப்பில் இருப்பதே போதும், அளவு தப்பினால் அதுவே நஞ்சு.